வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு டாக்டர்

"உள்ள வரமாட்டேன் மாமா. இங்கிருந்தே சொல்றேன், கேட்டுக்குங்க."

மருமகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றபடி இப்படிச் சொன்னதும் ஆட்டுக்காரருக்குச் சுருக்கென்றது. கால்நடை மருத்துவம் படித்தவள். போன பருவத்தில் இதே கொட்டகையில் மண்டிபோட்டு, குறுக்கே கிடந்த குட்டியைத் திருப்பி எடுத்தவள். ஆஸ்பத்திரியில் பதவி உயர்வு வந்தாலும் வந்தது, கால் தரையில் பாவவில்லை!

அவர் கவலை அவருக்கு. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று ஆடுகள் நாள் நிறையாமலே குட்டியை வீசிவிட்டன. மிச்சச் சினை ஆடுகளும் அப்படியே செய்தால் தொழிலை மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"பக்கத்துக் கொட்டகைக்காரன்தான் ஏதோ மருந்து வச்சுட்டான். அவன் முழியே சரியில்ல" என்றார்.

"அவரை விடுங்க, பாவம். வீசின குட்டியிலேர்ந்து அத்தை எடுத்துக் கொடுத்த சாம்பிளைச் சோதிச்சாச்சு. இது ஒட்டுண்ணி. கண்ணுக்கே தெரியாது."

"குடல் புழுவா? அதுக்குத்தான் மருந்து ஊத்தினேனே!"

"அது வேற, இது வேற. இது பூனைகிட்டேர்ந்து வருது."

"பூனையா!"

அவர் தீவன அறையைத் திரும்பிப் பார்த்தார். மூடியில்லாத தொட்டிக்குள், தவிட்டின் மேலேயே, அவருடைய செல்லப் பூனை நாலு குட்டிகளோடு மகாராணி மாதிரி சாய்ந்திருந்தது. அங்கே சாக்கு விரித்துக் கொடுத்ததே அவர்தான்.

"இது எலிக்குக் காவல்மா! இது வந்ததுலேர்ந்து ஒரு எலி தலை காட்டல, தெரியுமா?"

"அந்த எலியைத் தின்னுதான் பூனைக்கு ஒட்டுண்ணி வருது. அப்புறம் அது எங்க போகும்?"

"எங்க போகும்?"

"வெளிக்குப் போகும் மாமா."

தொட்டியின் மூலையில் ஒரு பூனைக்குட்டி, தன் வேலையை முடித்துவிட்டு, பின்னங்காலால் தவிட்டைத் தள்ளி ரொம்ப ஒழுக்கமாக மூடிக்கொண்டிருந்தது. ஆட்டுக்காரருக்கு அசடு வழிந்தது.

"அதைத்தான் ஆடு தின்னுது. ஆடு பார்க்க நல்லாத்தான் இருக்கும், வயித்துல இருக்கிற குட்டிதான் போயிடும்" என்றாள் மருமகள். "அந்தத் தீவனத்தைக் கொட்டிப் புதைச்சிடுங்க. தொட்டிக்கு மூடி போடுங்க. பூனையை ஆடு இல்லாத உங்க தங்கச்சி வீட்டுக்குக் கொண்டுபோய் விடுங்க."

"மூடி போடுறேன். பூனையை மட்டும் விடமாட்டேன். அது எம் பொண்ணு மாதிரி."

"மாமா…"

"முடியாதுன்னா முடியாது! அது கிடக்கட்டும், உள்ள வந்து மத்த ஆட்டையாவது தொட்டுப் பாரு."

"அத்தை பார்ப்பாங்க."

சொல்லி வாய் மூடவில்லை, அவர் மனைவி ரப்பர் கையுறையும் கையுமாக வந்து நின்றாள்.

"நீ எப்போடி டாக்டருக்குப் படிச்சே?"

"உங்களைக் கட்டினதுலேர்ந்து வைத்தியம்தானே பார்த்துக்கிட்டு இருக்கேன்! நகருங்க."

ஆட்டுக்காரருக்குப் பொத்துக்கொண்டு வந்தது. "நாறுதுன்னு நேராவே சொல்லிடும்மா! சும்மா ஏன் மழுப்பறே? உன் புருஷன் இந்த நாத்தத்துலதான் வளர்ந்தான். பெரிய டாக்டரம்மாவுக்கு ஆட்டைத் தொட்டா கை அழுக்காயிடும், அப்படித்தானே?"

"நாத்தம் இல்ல மாமா." மருமகள் குரல் தாழ்ந்தது. "இது ஆட்டோட நிக்காது. வீசின குட்டி, பூனையோட அசிங்கம், இதையெல்லாம் வயித்துல பிள்ளை இருக்கிறவ தொடவே கூடாது. அந்தப் பிள்ளைக்கும் இதே கதி வந்தாலும் வந்துடும்."

"அதுக்கு? நம்ம வீட்ல எவ வயித்துல இப்போ…"

வாய் பாதியில் நின்றது. மனைவி திடீரென்று கையுறை மாட்டுவதில் மும்முரமானாள். மருமகள் வெட்கத்தோடு சிரித்து, "அதைச் சொல்லத்தான் மாமா வந்தேன்" என்றபடி வேலிப் படலில் கை வைத்தாள்.

"ஐயையோ, அங்கேயே நில்லு தாயி! ஒரு அடி கிட்ட வரக்கூடாது!" என்று அலறிப் பின்னால் துள்ளிய ஆட்டுக்காரர், அடுத்த நொடியே தன் செல்ல 'மகளை'க் குட்டிகளோடும் சாக்கோடும் வாரிக்கொண்டு, மருமகள் நின்ற பக்கம் காற்றுக்கூடப் படாதபடி கொட்டகையின் பின்வழியாகத் தங்கை வீட்டுக்கு ஓட்டம் பிடித்தார்.