தாராளமான வீடு

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, “நாலு பேர்” என்றாள்.

பொய்தான். முந்தின நாள் சாயங்காலம் வீட்டுவசதி வாரியத்து ஆள் வந்து சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பொய்.

நாடாளுமன்றக் குழு வருகிறது. யார் கேட்டாலும் நீ, உன் வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், அவ்வளவுதான். அக்காவும் அக்கா மகளும் இங்கே தங்கியிருப்பது தெரிந்தால் வீட்டு ஒதுக்கீடு ரத்தாகிவிடும். அவன் மிரட்டவில்லை. நல்லதுக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னான். அதனால்தான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

விடிந்ததுமே அக்கா தனபாக்கியத்தையும் மகளையும் மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

ஆனாலும் ஆறாவது மாடிவரை வருவார்கள் என்று யார் கண்டது?

குழுவுக்குக் காட்டவென்றே கீழே ஒரு வீட்டுக்குப் பெயின்ட் அடித்து, திரை மாட்டி, பிளாஸ்டிக் ரோஜாகூட வைத்திருந்தார்கள். குழுவின் தலைவியான அந்த எம்.பி. அம்மாள் அதைப் பார்த்தாராம். நன்றாக இருக்கிறது என்றாராம். பிறகு யாரையும் கேட்காமல் படியேற ஆரம்பித்துவிட்டாராம்.

லிஃப்ட் ஓடவில்லை. அவருக்கு எழுபது வயது. இரண்டு முழங்காலிலும் உறை.

மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, பின்னால் வந்த அதிகாரிகளையெல்லாம் மூச்சு வாங்க வைத்துவிட்டு, வந்து நின்றது இவள் வாசலில்.

உள்ளே வந்து சுற்றிப் பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது? ஒரே அறை. ஓரத்தில் சமையல் மேடை. ஒரு பீரோ.

கூட வந்த வீட்டுத் திட்ட டைரக்டர் வாசலிலேயே நின்று விளக்கிக்கொண்டிருந்தார். தமிழ்க்காரர்தான், டெல்லிக்குப் போய்ப் பெரிய ஆளானவர். இந்த வரைபடம் அவர் போட்டது. இதே அளவில் நாடு முழுக்க இன்னும் பத்து லட்சம் வீடு கட்டப் போகிறார்கள். கட்டலாம் என்றோ கூடாது என்றோ இந்தக் குழு சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்துக்கு இது தாராளம் மேடம் என்றார். தாராளம் என்பதை மூன்று முறை சொன்னார்.

அந்த அம்மாள் இவள் பக்கம் திரும்பினார்.

“பாய், தலகாணியெல்லாம் எங்கம்மா வச்சிருக்க?”

முழங்கால் வலி, பாவம், சற்றுச் சாய வேண்டும்போல என்று நினைத்தாள். பரணில் கையை விட்டு மளமளவென்று எடுத்துப் போட்டாள். ஐந்தாவது தலையணையைக் கீழே வைக்கும்போதுதான் உறைத்தது. ஆறாவது அதற்குள் கைக்கு வந்திருந்தது.

அந்த அம்மாள் தலையணைகளைப் பார்த்தார்.

அவளைப் பார்த்தார்.

சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒரு கையை ஊன்றி, மெல்ல உட்கார்ந்து, படுத்தே விட்டார்.

டைரக்டர் விளக்கத்தைப் பாதியில் விட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

இத்தனை வருடத்தில் இந்த வீட்டைப் பார்க்க எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். டேப் பிடித்து அளந்திருக்கிறார்கள். படம் பிடித்திருக்கிறார்கள். படுத்துப் பார்த்தவர் யாருமில்லை. அவளுக்கு அந்த அம்மாளை அப்படியே பிடித்துப்போயிற்று.

தரையில் கிடந்தபடியே அவர் மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

மூன்று எம்.பி.க்கள். வேறு வேறு மாநிலம், வேறு வேறு கட்சி. சபையில் ஒருவர் எழுந்தால் மற்றவர் கத்துகிறவர்கள்.

தலைப்பாகை கட்டியவர் முதலில் சிரித்தார். பிறகு படுத்தார். அடுத்து ஒரு அஸ்ஸாம்காரப் பெண்மணி, அந்த அம்மாளின் தோளை ஒட்டி. அப்புறம் மூன்றாமவர். குறிப்பெடுக்க வந்த உதவியாளரும் சமையல் மேடைக்கு அடியில் காலை நுழைத்துக்கொண்டு படுத்தார். சிலிண்டர் நகர மறுத்தது.

ஐந்து பேர்.

“நீங்களும் படுங்க சார்” என்றார் அந்த அம்மாள்.

டைரக்டர் இடம் தேடினார். பீரோவுக்கும் தலைப்பாகைக்காரர் பாதத்துக்கும் நடுவில் ஒரு குடம் வைக்கலாம். ஒரு காலை உள்ளே வைத்தார், எடுத்தார்.

வீட்டுக்கு வந்த மனிதர் இப்படி நிற்கிறாரே. அவளுக்குப் பொறுக்கவில்லை. வாரியத்து ஆள் சொன்னது மறந்துபோயிற்றா, இல்லை மறக்கவேயில்லையா, அவளுக்கே தெரியாது.

“வெளிய மாடிப்படி திரும்புற எடத்துல படுத்துக்கலாம் சார். எங்க வூட்டுக்காரரு நாலு வருசமா அங்கதான் படுக்கறாரு. அக்கா வந்ததுலேர்ந்து.”

சொன்ன பிறகுதான் வாசல் பக்கம் பார்த்தாள்.

வெளியே நின்ற வாரியத்து ஆள் எட்டிப் பார்த்தான். “ஏம்மா, நாலு பேருன்னுதானே நீ…”

“தம்பி” என்றார் அந்த அம்மாள்.

அவன் தலையை இழுத்துக்கொண்டான்.

உதவியாளர் மல்லாந்தபடி நோட்டை முகத்துக்கு மேலே பிடித்து, பேனாவைத் திறந்தார். எத்தனை பேர் என்று எழுதுவது?

“அவங்க எத்தனை பேருன்னு எழுத வேண்டாம்” என்றார் அந்த அம்மாள். “நாம எத்தனை பேரு படுத்தோம்னு எழுதுங்க.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மேடம், அடுத்த இடத்துக்கு நேரமாச்சு” என்றார் டைரக்டர்.

“இன்னும் நீங்க படுக்கலையே.”

அந்த அம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

டைரக்டர் மாடிப்படியைப் பார்த்தார். மேலேயும் கீழேயும் கதவுக்குக் கதவு ஜனம் வந்து நின்றிருந்தது.

குனிந்து ஷூ லேஸை அவிழ்க்கத் தொடங்கினார்.