ஏழாவது மாடி டைல்ஸ்

பெருங்களத்தூர் அடுக்குமாடியில், ஏழாவது மாடி ஜெயஸ்ரீ வீட்டு டைல்ஸ் நான்காவது முறையாக உடைந்திருந்தது.

"இந்த வாட்டியும் உன் வேலையில கோளாறுன்னா, அதைச் சரிபண்ணிக் குடுத்துட்டு அப்டியே வூட்டுக்குப் போய்டு," என்று மேஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். பதினாறு வருஷமாக டைல்ஸ் ஒட்டும் வெற்றிவேல் மாடி ஏறினான்.

ஜெயஸ்ரீ ஐ.டி. கம்பெனிக்காரி. போன மூன்று முறையும் டீ போட்டுக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தாள். ஓசியிலேயே வீடு பூராவும் மாற்றப் பார்க்கிறாளோ?

குனிந்து தட்டிப் பார்த்தான். கலவை சரியில்லாத டைல்ஸ் மூலையில்தான் விரியும். இது நட்டநடுவில் சிதறியிருந்தது.

"மேடம், இது தானா உடையல. யாரோ சுத்தியால அடிச்சிருக்காங்க. இன்னா மேடம், என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா?"

"ஐயோ, இல்லைங்க!" ஜெயஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள். "உடைஞ்சாதானே நீங்க வருவீங்க?"

அந்த நேரம் பார்த்து மேஸ்திரி போன் செய்தார்.

"இன்னாடா, யார் தப்பு?"

இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடத் தன் வேலையில் குறை என்று ஒப்புக்கொள்ளாதவன், அவளையே பார்த்தபடி சொன்னான்:

"என் தப்புதாண்ணா. ஹால் பூராவும் பேத்துதான் போடணும். பத்து நாளாவும்."