மெசின் அறை

கதவு நிலைக்கு இடம் விட்ட மேசன் யோகராசா, யன்னலுக்கு இடம் விடவில்லை.

ஜெனிற்றா அந்த அறைக்குள் நின்று சுற்றிப் பார்த்தாள். பச்சைச் சீமெந்து மணக்கும் சுவர்கள் தோளுக்கு மேலே போய்விட்டன. செட்டிபாளையத்தில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே உள்ள வளவு அது. எந்தப் பக்கம் திறந்துவிட்டாலும் காற்று அள்ளிக்கொண்டு வரும். அப்படிப்பட்ட வளவில் ஒரு குருட்டறை.

யோகராசாவைக் குறை சொல்ல முடியாது. அவர் படத்தைப் பார்த்துக் கட்டினார். படத்தை அனுப்பியது கட்டாரில் இருக்கும் அண்ணன் ஜசிந்தன். படத்தில் இருந்த வீட்டைக் கட்டியவளோ சாட்சாத் ஜெனிற்றாதான். போனில், கட்டை அடுக்கி உலகம் கட்டுகிற அந்த கேமில் கட்டினாள்.

உனக்குப் பிடித்த மாதிரி கேமில் கட்டிக் காட்டு, அப்படியே மேசனிடம் சொல்லிவிடுகிறேன் என்று அண்ணன்தான் சொன்னான். அவள் சும்மா கட்டுகிற ஆளா? ஆள் கிட்ட வந்தால் திறக்கும் கதவு, பிடிபட்ட மீன் தானாகப் போய்ப் பெட்டிக்குள் விழும் மெசின், மழைக்கு மூடிக்கொள்ளும் கூரை. இத்தனைக்கும் வேண்டிய கம்பிகளையும் தள்ளுகிற கட்டைகளையும் ஒளித்துவைக்க, வீட்டின் பின்மூலையில் வாசல் மட்டும் வைத்து ஓர் அறை. மெசின்கள் ஓடத் தொடங்கிய பிறகு அவளே அதற்குள் போனதில்லை.

அதுதான் இப்போது சீமெந்துக் கல்லில் நிற்கிறது. பார்த்தவர்களெல்லாம் சிரித்தார்கள். அம்மா மார்கிறட் மட்டும், மாதா சுரூபம் வைக்க நல்ல இடம் கிடைத்தது என்றாள்.

ஜெனிற்றாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை பகுதியார் வீடு பார்க்க வருகிறார்கள். பெண்ணைக் கோயிலிலேயே பார்த்துவிட்டார்கள், வீடுதான் பாக்கி. திங்கட்கிழமை அவள் கொழும்பில் வேலைக்குச் சேர வேண்டும்.

வேலையும் அந்த கேமால் வந்ததுதான். கேமை நடத்துகிறவர்களின் இணையப் பக்கத்தில் அவள் புதுப்புது யோசனையாக எழுதித் தள்ளுவாள். தோணிக்குத் துடுப்புப் போதாது, ஊன்றிப்போகத் தடி வேண்டும் என்பாள். வாவியின் வாயை மணல் மூடட்டும், வெள்ளம் ஏறினால் ஊர் கூடி முகத்துவாரத்தை வெட்டிவிடட்டும் என்று எழுதியபோது, முன்பின் தெரியாத ஆயிரம் பேர் அதுதான் வேண்டும் என்று கை தூக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் கொழும்பில் கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனி அவளைக் கூப்பிட்டது. விளையாடுவதற்குச் சம்பளமா என்று கேட்டதோடு அம்மா பேச்சை முடித்துவிட்டாள்.

இந்த ஊர்ப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்ணுக்கு. ஆண், கலியாணம் கட்டிய இடத்துக்குப் போய்விடுவான். அக்காவுக்கு ஒரு வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, இவளுக்கும் கட்ட மறுபடி கட்டாருக்கு ஏறினான் அண்ணன். நாற்பது வயதாகப் போகிறது, கலியாணப் பேச்சை எடுத்தால், முதலில் தங்கச்சி கரையேறட்டும் என்கிறான்.

அங்கே அவன் உழைக்க உழைக்க இங்கே சுவர் உயர்ந்தது. ஒவ்வொரு கல்வரிக்கும் அவளுக்கு மூச்சு முட்டியது. யாரிடம் சொல்வது? நன்றி கெட்டவள் என்பார்கள். அவளுக்கே தன்னை நினைத்தால் அப்படித்தான் தோன்றியது.

இன்று வெள்ளிக்கிழமை, அண்ணனுக்கு லீவு. கேமுக்குள் வந்து பேசுவான். இன்றைக்கு எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான், அம்மாவின் காதுக்கு எட்டாமல் போனோடு இங்கே வந்து நிற்கிறாள். வீட்டை நிறுத்துங்கள், நான் போகிறேன். சொல்ல வேண்டியது அவ்வளவுதான்.

அண்ணன் வந்தான். வழக்கம்போலக் கூரையில் ஏறி, வழக்கம்போலத் தவறி விழுந்து செத்தான். அடுத்த நிமிடமே வீட்டுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டு வெளியே வந்தான். இத்தனை வருடமாகியும் அவனுக்கு விளையாடத் தெரியாது.

எடுத்த எடுப்பில் சொல்ல வாய் வரவில்லை. அறையிலிருந்து தொடங்கினாள். அது மெசின் ஒளிக்கக் கட்டியது, நீங்கள் பிழையாக விளங்கிவிட்டீர்கள், இப்படித்தான் என் விசயத்தில் எல்லாமே என்னைக் கேளாமல் நடக்கிறது என்று படபடவென்று சொல்லிக்கொண்டே, கேமில் அந்த அறையைக் காட்ட உள்ளே போனாள்.

கம்பிகளுக்கு நடுவே ஒரு கட்டில் கிடந்தது.

அவள் போட்டதல்ல.

அந்த கேமில், கட்டில் போட்டுப் படுத்த இடம்தான் ஓர் ஆளுக்கு வீடு. உலகத்தின் எந்த மூலையில் செத்தாலும் அங்கேதான் கண் விழிப்பான்.

 அண்ணன் இருக்கும் தொழிலாளர் காம்பில் யாரோ கோப்பை கழுவும் சத்தம் கேட்டது.

"மெசின் அறையெண்டு தெரிஞ்சுதான் புள்ள கட்டச் சொன்னன். மற்ற அறையெல்லாம் உனக்கும் வாற மாப்பிள்ளைக்கும். நான் வந்தா படுக்க இது போதும். இஞ்ச காம்பிலயும் யன்னல் இல்லத்தானே."

பிறகு, நீ என்னவோ சொல்ல வந்தாயே என்று கேட்டான்.

ஜெனிற்றா சுவரில் கையை வைத்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. வெளியே யோகராசா அடுத்த வரிக்குச் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்டுமில்லண்ணா. இந்த அறைக்கு ஒரு யன்னல் விடச் சொல்லுங்க. வாவிப் பக்கமா."