அவசரத்துக்கு அழைக்க

பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை மோகனப்ரியா மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதே நம்பர்தான். அவளுடையது இல்லை.

'மாதவன். ஓ பாசிட்டிவ். அவசரத்துக்கு அழைக்க' என்று போட்டு, அதன் கீழே பக்கத்து வீட்டு ஃபிர்தௌஸின் செல் நம்பர்.

குழாயில் தண்ணீர் வந்தால், முதலில் பார்த்தவர் மற்றவருக்கு மிஸ்டு கால் கொடுப்பது இரண்டு வீட்டுக்கும் இடையே உள்ள ஏற்பாடு. அதனால் அந்தப் பத்து எண்ணும் அவளுக்கு மனப்பாடம்.

"ஏங்க, இது ஃபிர்தௌஸ் நம்பர்தானே?"

மாதவன் கிளட்ச் கேபிளோடு இன்னொரு புதுக் கேபிளைச் சேர்த்து வைத்து டேப் சுற்றிக்கொண்டிருந்தான். வழியில் ஒன்று அறுந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ள இன்னொன்று. நிமிரவில்லை.

"ஆமா."

"எங்கிட்டயும் செல் இருக்குது. மறந்துட்டீங்களா?"

"இருக்குது... சும்மா, அவங்க நம்பர் இருக்கட்டுமேன்னு போட்டேன். அந்தப் பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடு."

அவன் காது மடல் சிவந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

சிப்காட்டில் அவன் கம்பெனிக்கு வரும் ஞாயிறிலிருந்து பத்து நாள் ஷட்டவுன். ஓசூரிலிருந்து குஜராத் கட்ச் வரை ஒற்றை ஆளாகப் போய்வரப் போகிறான். ஒரு மாதமாக வண்டிக்கு நடக்கும் சீராட்டைப் பார்த்து அவளுக்கு ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்தது. புது டயர், புது செயின், ஸ்பேர் பிளக், பஞ்சர் சாமான். கல்யாணமாகி மூன்று வருஷத்தில் அவளுக்குத் தலைவலித் தைலம்கூட அவளேதான் வாங்கிக்கொண்டாள்.

சரி, வண்டி வெறும் இரும்பு, தொலையட்டும் என்று விடலாம். ஃபிர்தௌஸ் இரும்பு இல்லையே!

முப்பது வயது. லாரி ஓட்டிய புருஷன் பர்கூர் பக்கம் விபத்தில் போய் இரண்டு வருஷம். தையல் மெஷினை வைத்துப் பிழைக்கிறாள். இத்தனை நாள் பாவம் என்று நினைத்திருந்த மோகனாவுக்கு இப்போது ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. போன மாதம் அவளுக்கு காஸ் சிலிண்டர் மாட்டிக் கொடுத்தது யார்? ரம்ஜான் பிரியாணியில் இவனுக்கு மட்டும் லெக் பீஸ் வந்தது எப்படி? பேச்சுக்குப் பேச்சு 'அண்ணே' வேறு. அண்ணேவாம், அண்ணே!

"ஒண்டியாவா போறான்? நல்லா விசாரிச்சியா?" என்று வீட்டு ஓனர் சென்னம்மா தன் பங்குக்கு ஊதிவிட்டுப் போனாள்.

மறுநாள் தண்ணீர் வந்தது. மோகனா மிஸ்டு கால் கொடுக்கவில்லை. ஃபிர்தௌஸ் குடத்தோடு ஓடி வந்தபோது குழாயில் காற்றுதான் வந்தது.

"அண்ணி, என்னை மறந்துட்டீங்களா?"

"எல்லார் நம்பரையும் சுமந்துக்கிட்டுத் திரிய நான் என்ன பெட்ரோல் டேங்கா?"

ஃபிர்தௌஸ் காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

பதில் இருந்தால்தானே சொல்லுவாள் என்று மோகனா தன் நிறைகுடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை மாதவன் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போனதும், பிளேடை எடுத்து அந்த நம்பரை மட்டும் சுரண்டினாள். பஸ் ஸ்டாண்டு ஸ்டிக்கர் கடையில் தன் நம்பரை வெட்டி வாங்கி வந்து ஒட்டினாள். அதே சிவப்பு, அதே எழுத்து. சாயங்காலம் வண்டியைத் துடைத்தவனுக்கு வித்தியாசமே தெரியவில்லை.

ஞாயிறு காலை. பையை ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டி, மாதவன் ஹெல்மெட்டை எடுத்தான். ஃபிர்தௌஸ் ஒரு டப்பா பேரீச்சம்பழத்தோடு வந்தாள்.

"வழியில சாப்புடுங்கண்ணே" என்றவளின் பார்வை டேங்க் மேல் போய் நின்றது. "என்னண்ணே, நம்பர் மாறியிருக்கு?"

மாதவன் குனிந்து பார்த்தான். பிறகு மோகனாவைப் பார்த்தான்.

"நான்தான் மாத்துனேன்" என்றாள் மோகனா. "இவருக்கு ஒண்ணுன்னா மொதல்ல எனக்குத் தெரியணுமா, உனக்குத் தெரியணுமா? இவரு தாலி கட்டுனது யாருக்கு?"

லைன் வீட்டுக் கதவுகள் ஒவ்வொன்றாய்த் திறந்தன.

"மோகனா, அது வந்து..."

"நீங்க பேசாதீங்க! அவ சொல்லட்டும்."

ஃபிர்தௌஸ் டப்பாவை சீட் மேல் வைத்தாள்.

"அண்ணன் மேல தப்பில்ல அண்ணி. அவரு உங்க நம்பரைத்தான் போடப் போனாரு. நான்தான் சண்டை போட்டு என் நம்பரைப் போட வெச்சேன். கெளம்புற நேரத்துல உங்களைப் பயமுறுத்த வேணாம்னு அவரு சொல்லல."

"என் புருஷன் வண்டியில உன் நம்பரைப் போடச் சொல்ல நீ யாருடி?"

எப்போதும் மணிக்கட்டு வரை மூடியிருக்கும் வலது கைச் சட்டையை ஃபிர்தௌஸ் மேலே தள்ளினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் தோல் வெந்து சுருங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் போனப்ப, போலீஸ்காரர் நேரா எனக்குத்தான் போன் பண்ணாரு. வடை சுட்டுக்கிட்டிருந்தேன். வீட்டுல வேற யாருமில்ல. எண்ணெய்ச் சட்டி கை மேல கவுந்ததுகூட எனக்குத் தெரியல அண்ணி."



ஃபிர்தௌஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள்.

"அல்லா காப்பாத்துவான், அண்ணனுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா அப்படி ஒரு போன் வந்துச்சுன்னா, அது எனக்கு வரட்டும். நான் ஓடி வந்து உங்க அடுப்பை அணைச்சு, உங்களைக் கெட்டியாப் புடிச்சுக்கிட்டு, அப்புறமா சொல்றேன்."