ஆறு மணிக் குளியல்

கல்யாணமாகி ஒன்றரை மாதம்தான். அக்கா வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"கோழிப் பண்ணைல வேலை பாக்குற மனுஷன், சாயங்காலம் கமகமன்னு வர்றாரேடி! எவ குளிப்பாட்டி அனுப்புறா?"

கணவனிடம் கேட்டாள். "பண்ணை ரூல் அது. குளிக்காம உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது. கிருமி பரவிடும்" என்று சிரித்தான்.

மனசு ஆறவில்லை. மறுநாள் மத்தியானமே பண்ணை வாசலில் போய் நின்றாள்.

"அண்ணே, மூணாவது ஷெட் சூப்பர்வைசர் எங்க வீட்டுக்காரர்தான். அவர் இங்கேதானே குளிக்கிறார்?"

வாட்ச்மேன் ஏற இறங்கப் பார்த்தார். "ஆமாம்மா. டாண்ணு ஆறு மணிக்கு. நான்தான் பாத்ரூம் சாவி குடுக்குறேன்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்காவை இன்றைக்கு ஒரு பிடி பிடிக்க வேண்டும்!

"அவரை ஒரு நிமிஷம் பார்க்கணுமே. நானும் குளிச்சிட்டுத்தான் உள்ளே போகணுமா?"

"உள்ளேயா?" வாட்ச்மேனின் குரல் இறங்கியது. "உங்ககிட்ட சொல்லலையாம்மா? நோய் வந்து கோழியை எல்லாம் புதைச்சு ஒரு மாசமாச்சு. ஆளுங்களையும் அனுப்பிட்டாங்க. அவர் பகலெல்லாம் வேலை தேடி அலைஞ்சிட்டு, இங்கே வந்து குளிச்சிட்டு வீட்டுக்குப் போறார்."