பிசுக்கு

"இந்தப் பொண்ணுக்கு சயின்ஸ் ஏறாது. ரேகை சுள்ளு சொல்லாது, பொய்யே வராது, நோடி சார்." பசவராஜ் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். அவர் வாயிலிருந்து வந்த ஜர்தாப் புகையிலை நெடிக்குப் பெண்ணின் அம்மா வடிவு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கைரேகையை மிஷினில் பதிந்து, பிள்ளைக்கு எந்தப் படிப்பு ஒத்துவரும் என்று சொல்வது அவர் தொழில். தேவராஜ மொஹல்லாவில் ஒரு மாடி அறை. பியூசி முடித்த தாரணிக்குக் கால்நடை மருத்துவம் படிக்க ஆசை. அதைக் கேட்டாலே அவள் அப்பா ஆறுமுகசாமி மூக்கைச் சுளிப்பார்.

போன வாரம் ரேகை எடுக்க வந்தபோதே தகராறு. மிஷின் கண்ணாடியில் ஊரார் விரல் பிசுக்கெல்லாம் அப்பிக் கிடந்தது. தாரணி முகத்தைச் சுளித்தாள்.

"ஹனூர்ல மாமன் வூட்டு மாட்டுக்குள்ள கைய உட்டுக் கன்னு இழுக்கறே. இதுல வெரல் வெக்க அருவருப்பா? இங்க பாரு, இப்படி." ஆறுமுகசாமி தன் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார். மிஷின்காரப் பெண் போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஓகே, நெக்ஸ்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது பசவராஜ் படித்தார். "ஸ்வந்த புத்தி கம்மி. யாராச்சும் அடிச்சுச் சொன்னா அப்படியே நம்பிடும். எதிர்க் கேள்வியே கிடையாது."

"அச்சு அசல்!" ஆறுமுகசாமி தொடையைத் தட்டினார். "பாத்தியா வடிவு? மிஷினுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல. பி.காம்லயே தள்ளிடலாமுங்க."

பெற்ற பெண்ணை எவனோ மட்டம் தட்ட, அதைக் கேட்டுச் சிரிக்கும் முகம். இந்த முகத்துக்கா இத்தனை வருஷம் சோறு போட்டோம் என்றிருந்தது வடிவுக்கு. அதைவிட, வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கும் தன்னை நினைத்துத்தான் அவளுக்கு அதிகம் கூசியது.

"ஏனுங்க, அவளையும் ஒரு வார்த்தை கேளுங்க."

"அவளுக்கு என்ன தெரியும்? செரி, நீயே சொல்லு கண்ணு. மிஷின் சொன்னது நெசமா, பொய்யா?"

தாரணி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"அத்தனையும் நெசந்தாம்ப்பா. அன்னைக்கு அதுல பதிஞ்சது பூரா உங்க வெரலு."