சாப்பாட்டு இடைவேளை

"வாசிக்கச் சொல்றதே இல்லையா? ஒரு நாள்கூடவா?"

"இல்லை சார். எல்லாரையும் வரிசையா எழுப்பி வாசிக்கச் சொல்வேன். உங்க பொண்ணு முறை வந்தா அவளை விட்டுட்டு அடுத்த பிள்ளைக்குப் போயிடுவேன்" என்றார் டீச்சர், வகுப்பறை ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே.

மூன்றாம் வகுப்புப் பிள்ளையைப் பற்றிப் பெற்ற அப்பாவிடமே இப்படிச் சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அந்த அப்பாவுக்கு, கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டருக்கு, காதோரம் சூடேறியது.

"அப்புறம் அவ எப்படித்தான் கத்துக்குவா?"

"கத்துக்குவா சார். கொஞ்சம் நாளாகும்."

அவ்வளவுதான் பேச்சு. டீச்சர் கதவையும் சாத்திவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாக மாஸ்டர் தீர்ப்புச் சொன்னார். "கை கழுவிட்டாங்க. இனிமே பள்ளிக்கூடமே வேண்டாம். வீட்லயே நான் சொல்லித் தரேன்."

மருந்துக்கடை வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்த மனைவி, செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"நீங்களா?"

"ஏன்? கிளட்ச் எது, பிரேக் எதுன்னு தெரியாம வந்தவங்களை எல்லாம் நெடுஞ்சாலையில ஓட்ட வச்சிருக்கேன். பெத்த பொண்ணுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித் தர முடியாதா?"

"அந்த வண்டியில உங்க காலடியிலயும் ஒரு பிரேக் இருக்கு. இவகிட்ட அது எங்கே இருக்கு?"

"கிண்டலெல்லாம் அப்புறம். இந்த வாரம் லீவுதானே? ஒத்திகை பார்ப்போம். சரிப்பட்டா நிறுத்திடலாம்."

பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் மைனா. வாயைத் திறந்தால் மூடமாட்டாள். புத்தகத்தைத் திறந்தால் வாயைத் திறக்கமாட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் பாடம் ஆரம்பமானது.

"ம... மர... மரத்..."

"மரத்தின். முழுசாச் சொல்லு."

"மரத்தின் மேல் ஒரு குருவி..."

"குருவியா? எழுத்தைப் பாரு. முதல் எழுத்தை மட்டும் பாத்து அடிச்சு விடக்கூடாது. குரங்கு!"

"குரங்கு உட்கா... உட்கா..."

"நிறுத்து. மறுபடியும் முதல்லேர்ந்து."

மேஜைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்து அழுத்தென்று அழுத்திக்கொண்டிருந்ததை மனைவி பார்த்தாள்.

குரங்கு அன்று முழுக்க மரத்தில் உட்கார்ந்தபாடில்லை. அடுத்த நாள் மைனாவுக்கு வயிற்றுவலி. அதற்கடுத்த நாள் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டவள், பாட நேரம் முடியும் வரை வெளியே வரவில்லை. மாஸ்டரின் தொண்டை கட்டிக்கொண்டது. யாரிடமும் எதற்காகவும் குரலை உயர்த்தாதவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர் அவர்.

"போகப் போகப் பழகிடும்" என்றார் மனைவியிடம். பிறகு மகளைக் கூப்பிட்டு, பரிசு கொடுக்கிற தோரணையில் சொன்னார். "மைனா, திங்கட்கிழமையிலேர்ந்து உனக்குப் பள்ளிக்கூடமே கிடையாது!"

துள்ளிக் குதிப்பாள் என்று பார்த்தால், முகம் வெளுத்துப்போய் நின்றாள்.

"ஐயையோ! அப்போ டீச்சருக்கு யாருப்பா வாசிச்சுக் காட்டுவாங்க?"

"என்னது?"

"டீச்சருக்குக் கிட்டத்துல இருக்கிற எழுத்து தெரியாதுப்பா. தினமும் சாப்பாட்டு இடைவேளையில என்னைக் கூப்பிட்டு, 'கண்ணு தெரியலைடி, இந்தக் கதை என்னன்னு கொஞ்சம் சொல்லேன்'னு கேப்பாங்க. நான்தான் ஒரு பக்கம் வாசிப்பேன்."

"நீ வாசிப்பியா? தப்புத் தப்பா வாசிச்சா?"

"அதான் அவங்களுக்குத் தெரியாதே! சில சமயம் காதும் சரியாக் கேக்காது. 'இன்னொரு தடவை மெதுவாச் சொல்லு'ம்பாங்க. மறுபடியும் பாத்துச் சொல்வேன். யார்கிட்டயும் சொல்லிடாதேப்பா. பாவம், வேலை போயிடும்."

மாஸ்டருக்கு ரத்தம் கொதித்தது.

"பார்த்தியா?" என்றார் மனைவியிடம். "கண்ணும் தெரியாது, காதும் கேக்காது. டீச்சராம்! வகுப்புல என் பொண்ணைக் கண்டுக்கிறது இல்லை. சாப்பிடற நேரத்துல மட்டும் எடுபிடி வேலைக்கு இவ வேணுமாம்!"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "நீ பேசாதே" என்று அடக்கிவிட்டார்.

திங்கட்கிழமை காலை முதல் மணி அடிக்கும் முன்பே வகுப்பறை வாசலில் போய் நின்றார். உள்ளே டீச்சர் மட்டும்தான் இருந்தார்.

"பொண்ணை நிறுத்தறதாச் சொல்லிட்டுப் போக வந்தேன். போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை. என் தொழில்ல, கத்துக்க வர்றவங்களுக்கு முதல்ல கண்ணைத்தான் சோதிப்போம். நீங்க கடைசியாக் கண் டாக்டரைப் பார்த்தது எப்போ?"

"என்ன சார் சொல்றீங்க?"

"மைனா எல்லாத்தையும் சொல்லிட்டா. ஒளிக்க வேண்டாம். எனக்குத் தெரிஞ்ச நல்ல டாக்டர் ஒருத்தர் இருக்கார்." சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். "இதுல என் நம்பர் இருக்கு. கூப்பிடுங்க. நம்பர் தெரியலைன்னா யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லுங்க."

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. கார்டை எடுத்தார். அதன் கீழோரத்தில், அச்சடித்தவரே மறந்துபோயிருக்கக்கூடிய பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதைத் தட்டுத் தடங்கலில்லாமல் வாசித்தார்.

"'பயமில்லாமல் தவறு செய்யுங்கள், பக்கத்தில் நாங்கள் இருக்கிறோம்.' நல்லா இருக்கு சார்."

வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு டீச்சர் குரலைத் தாழ்த்தினார்.

"இடைவேளைக்குள்ள அவளை அனுப்பி வச்சிடுங்க சார். எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க."